இன்னொரு தடவை

ஜூன் 14

பெர்க்மான்ஸ் மதுரையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான். நான் முத்தையாபுரத்துக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை அழைப்பை வெட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீ சொல்லட்டுமா என்றேன், சொல்லு என்றான். டீ வந்தது, பாதி குடித்தான். பிறகு, தான் வேலை பார்க்கும் ஹார்பரில் கிரேன் ரிப்பேர் ஆன சேதியைச் சொல்வது போலச் சொன்னான்.

"தொண்டையில கட்டி. நல்ல கட்டி இல்லையாம். ஆப்பரேஷன் பண்ணணுமாம்."

"பாட்டு?"

என் வாயில் முதலில் வந்தது அதுதான். எழுதி வைக்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

"சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. கொஞ்சம் மிஞ்சலாம். மிஞ்சாமலும் போகலாம். தொறந்து பாத்தாத்தான் தெரியுமாம்."

கல்லூரியில் ஆரம்பித்தது, இருபது வருடமாக நாங்கள் இரண்டு பேர்தான். அவன் ட்ரம்ஸ் அடிப்பான், பாடுவான். கிடாரும் ரெக்கார்டிங்கும் மற்ற எல்லாமும் நான். எங்கள் இசைக்குத் தூத்துக்குடியில் பெயர் 'அந்தச் சத்தம்'. ப்ரோக்ரெசிவ் மெட்டல் என்று விளக்கிப் பார்த்தோம், பழைய இரும்பு எடுப்பீர்களா என்று கேட்டார்கள். ஞாயிறு காலை பூசையில் பாடகர் குழுவில் உருகி உருகிப் பாடுகிறவனும் மதியம் என் கடையின் பின்னறையில் மைக்கைக் கடித்து உறுமுகிறவனும் ஒரே ஆள்தான் என்று பங்குச் சாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது செய்துகொண்டிருப்பது 'தோணி'. எட்டுப் பாட்டு, ஒரே கதை. அவன் அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி திரும்பவே இல்லை. அதுதான் கதை. மூன்று வருடமாகச் செய்கிறோம்.

"ஆல்பத்த முடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டேன்" என்றான். "அவரு திட்டுனாரு. எப்ப முடியும்?"

"ஜூலைக்குள்ள முடிச்சிரலாம்."

"அப்பக் குரல மொதல்ல எடுத்துருவோம்ல, மக்கா."

அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் ட்ரம்ஸ், அப்புறம் கிடார், கடைசியில் குரல். ஆரம்பத்திலிருந்து எங்கள் முறை அதுதான். வீடு கட்டி முடிக்காமல் யாராவது பால் காய்ச்சுவார்களா? ட்ரம்ஸ் முடிந்துவிட்டது. கிடாரும் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். ஆனால் 'மாதிரி'யின் மேல் அவன் பாட முடியாது.

ஜூன் 16

கிடாருக்குப் புதுக் கம்பிகள் மாட்டினேன். பழசே நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும்.

ஜூன் 21

மூன்றாவது பாட்டின் கிடாரில் ஒரு இரைச்சல் இருக்கிறது. மெலிதாக, கொசு பறக்கிற மாதிரி. போன மாதம் எடுத்தபோது கவனிக்கவில்லை. பெர்க்மான்ஸைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

"ஒண்ணும் கேக்கல."

"நல்லாக் கேளு."

"ஏல, எனக்குத் தொண்டதான் கெட்டுருக்கு. காது கெடல."

இருந்தாலும் மறுபடி வாசித்தேன். இரைச்சலோடு வெளியே விட முடியுமா? அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ட்ரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் விரலால் தட்டி எண்ணிக்கொடுத்தான். ஏழு எண்ணிக்கை வரும் இடத்துக்கெல்லாம் அவனிடம் ஒரு சூத்திரம் உண்டு. சீலா, வாளை, நெத்திலி. இரண்டு, இரண்டு, மூன்று. மீன் பெயர் சொல்லி எண்ணுகிறவன் தாளம் தப்பி நான் பார்த்ததில்லை.

எங்கள் சைகையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பாடுகிறவன் ஒரு அறையில், கேட்கிறவன் ஒரு அறையில், நடுவே கண்ணாடி. டேக் முடிந்ததும் நான் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஒரு வட்டம் போடுவேன். இன்னொரு தடவை என்று அர்த்தம். 'சரி' என்பதற்கு எங்களிடம் சைகை கிடையாது. நான் எழுந்து டீக் குடிக்கப் போனால் அதுதான் சரி. என் கல்லறையில் கல்லுக்குப் பதிலாக ஒரு விரலை நட்டு வைக்கப் போவதாக அவன் சொல்லிக்கொண்டிருப்பான்.

இன்று சாயங்காலம்வரை மூன்றாவது பாட்டு முடியவில்லை.

ஜூன் 27

ஜெசிந்தா தூக்குச் சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்தாள். பெர்க்மான்ஸின் மனைவி. பின்னறைக்கு அவள் வந்து பல வருடமாகிறது. சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும் பழைய மெத்தைகளைத் தொட்டுப் பார்த்து, "இதயெல்லாம் வெயில்ல போடக் கூடாதா?" என்றாள். பிறகு, போகிற போக்கில் கேட்பது போல, "எப்பண்ணே முடியும்?" என்றாள்.

"ஆச்சும்மா. கிடார் கொஞ்சம் பாக்கி."

"முடிஞ்சிட்டுன்னு அவுக சொன்னாவளே."

"இரைச்சல் ஒண்ணு இருக்கு."

அவள் தூக்குச் சட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். குழம்பு நன்றாக இருந்தது.

ஜூலை 2

இரைச்சல் போகவில்லை. கேபிளை மாற்றினேன்.

ஜூலை 6

முதல் பாட்டின் குரல் எடுத்தோம். அவன்தான் பிடிவாதம் பிடித்தான். கிடார் பாதியிலிருந்தால் இருக்கட்டும், இன்று தொண்டை நன்றாக இருக்கிறது, நாளைக்கு எப்படியோ என்றான்.

அறையில் ஏசியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் சத்தம் மைக்கில் ஏறும். வேர்த்துக் கொட்ட நின்று பாடினான். உறுமல் அப்படியே இருந்தது, இன்னும் கனமாகக்கூட இருந்தது. தோணி துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது வரும் அந்த மெல்லிய பகுதியில் மட்டும் குரலின் ஓரம் கிழிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரலைத் தூக்கினேன். வட்டம் போட்டேன். மறுபடி பாடினான். மறுபடி வட்டம். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே தண்ணீர் குடித்தான். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். கடைசியில் அவனே ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

அவன் போன பிறகு எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். முதல் டேக்தான் நல்ல டேக். அதை எடுக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும் என்று யாராவது சொல்லலாம். அந்த நேரத்தில் தெரியாது, கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை 8

கல்யாண வீட்டார் வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, "தம்பி, எம் மவளுக்கு வளைகாப்பே வந்துரும் போலிருக்கே" என்றார். ஒரு வேலையையும் முடிக்காதவன் என்று எனக்குப் பெயர் வந்துவிடும்.

ஜூலை 13

அவன் விடாமல் வந்து பாடியதில் ஏழு பாட்டுக்குக் குரல் ஆகிவிட்டது, எட்டாவதுதான் பாக்கி. ஆனால் ஒரு பிரச்சினை. அவன் குரல் கீழே இறங்கிவிட்டது. இந்தச் சுருதியில் மேலே எட்டிப் பிடிக்க அவன் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாக் கிடாரையும் இன்னும் ஒரு படி இறக்கி மறுபடி வாசித்துவிடுகிறேன். முதல் பாட்டிலிருந்து. அப்போது அவன் சிரமமில்லாமல் பாடலாம். அவனுக்காகத்தான்.

சொன்னதும் அவன் கேட்டான்.

"அப்ப இதுவரைக்கும் பாடுனது?"

"திரும்பப் பாடு. சொகமாப் பாடலாம்."

"ரீகனு, உனக்கு இத முடிக்க மனசு இருக்கா இல்லையா?"

"உனக்காகத்தானல சொல்லுதேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டே போய்விட்டான். கைக்குட்டையில் என்ன என்று நான் பார்க்கவில்லை.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. இவ்வளவு வருடமாக ஒரு ஸ்வரம் பிசகாமல் செய்துவிட்டு, கடைசி ஆல்பத்தை...

கடைசி என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

ஜூலை 19

ஜெசிந்தா வந்தாள். தனியாக. இந்தத் தடவை தூக்குச் சட்டி இல்லை. மதுரையில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்களாம். அது நேற்று முன்தினம். பெர்க்மான்ஸ் போன் பண்ணித் தள்ளி வைத்திருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இவளைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்திருக்கிறது.

"ஏன்யான்னு கேட்டேன். ரீகன் இன்னும் முடிக்கல, கிடாரத் திரும்ப வாசிக்கான், பாவம், அவன் தப்பில்லன்னுதாவ. உங்கள விட்டுக்கொடுக்க மாட்டாவ." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க முடிச்சாத்தான் அவுக வருவாவ. உங்களுக்கு அது தெரியும்லா?"

"தெரியும்மா."

"குரலு போயிட்டா நீங்க வேற ஆள வச்சிப் பாடிக்கிடலாம். எம் புள்ளைக்கு வேற அப்பன எங்க போயி வாங்குவேன், சொல்லுங்க."

வேறு ஆளா? இருபது வருடத்தில் அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், அதனால் சொல்லவில்லை. அவள் போன பிறகு உட்கார்ந்து முத்தையாபுரத்துக் கல்யாணத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். தாலி கட்டும் இடத்தில் நாதஸ்வரத்தை ஏற்றி, பேச்சுச் சத்தத்தை இறக்கி, பெயர்களைப் போட்டு, எல்லாம். ஒரு பகல்தான் ஆயிற்று. இதையா இத்தனை நாள் இழுத்தேன்?

சாப்பிடவில்லை.

ஜூலை 22

ஆறாவது, ஏழாவது பாட்டுக்கு இறக்கிய கிடார் வாசித்தேன். வாசிக்கும்போது, இது முடிந்தால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. விரல் வழுக்கியது. முதலிலிருந்து வாசித்தேன்.

ஜூலை 26

மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டது. திருவிழா முடியும்வரை தெருவெல்லாம் ஒலிபெருக்கி. என் கடைக்கு எதிர்க் கம்பத்திலேயே ஒரு கூம்பைக் கட்டியிருக்கிறார்கள். ஜெபமாலை, மறையுரை, காணாமல் போன பிள்ளைகள் பற்றிய அறிவிப்பு என்று எல்லாம் மெத்தையைத் துளைத்துக்கொண்டு மைக்குக்குள் வருகின்றன. ரெக்கார்டிங் நடக்காது. திருவிழா முடியட்டும் என்று அவனிடம் சொன்னேன். நானா கொடி ஏற்றினேன்?

அவன் பேச்சைக் குறைத்துவிட்டான். இருக்கிறதைச் சேர்த்து வைக்கிறானாம். கையால் கேட்டான், எத்தனை பாக்கி? நான் ஒரு விரல் காட்டினேன். எட்டாவது பாட்டு. கரையில் நின்று மகன் தோணியைக் கூப்பிடுகிற பாட்டு.

மற்ற ஏழும்? அவன் கண்ணில் அந்தக் கேள்வி இருந்தது. இறக்கிய சுருதியில் அவன் திரும்பப் பாடவே இல்லை. பழைய குரல், பழைய கிடார், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 30

காலையில் அவன் கூப்பிட்டான். போனில் முதலில் மூச்சுதான் கேட்டது. தப்பான நம்பர் என்று வைக்கப் போனேன்.

"நாந்தாம்ல" என்றான்.

நான் குரலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் வாழ்க்கையில் என் அப்பா குரலைவிட அதிகம் கேட்ட குரல். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். கடை திறந்திருந்தது. ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனி இழுக்க முடியாது. இழுக்கிறேன் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இனி முடியாது.

ஆகஸ்ட் 3

உப்பளத்துக்குப் போனோம். அவன் மச்சான் ஓட்டுகிற ஆம்னி வேனை இரவல் வாங்கிக்கொண்டான். ஊரைத் தாண்டி, ஒலிபெருக்கி கேட்காத தூரத்தில், பாத்திகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினோம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெளியே பிய்த்துக்கொண்டு அடித்தது. கண்ணாடிகளை ஏற்றி, இடுக்குகளில் துணி அடைத்து, பின்னால் முன்பக்கம் தவிர அவனைச் சுற்றிக் கம்பளியைத் தொங்கவிட்டேன். நான் முன் சீட்டில், மடியில் லேப்டாப். உச்சி வெயில். உள்ளே இட்லிச் சட்டி மாதிரி வெந்தது.

பின்னறைக் கண்ணாடி இல்லாததால் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அதில் அவன் முகமும் அவனுக்கு என் முகமும் தெரிந்தன.

முதல் டேக்கில் பாதியில் நின்றான். இரண்டாவதில் உறுமலே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றான். மூன்றாவதில் பாடினான். எப்படிப் பாடினான் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அது உறுமலும் இல்லை, கோயிலில் பாடுகிற குரலும் இல்லை, இருப்பது எதுவோ அதை அப்படியே எடுத்துப் போட்டான். கடைசி வரியில் மகன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "ஞானப்பிரகாசம்" என்று. 'ஞான' வந்தது. மிச்சம் வெறும் காற்று.

என் விரல் எழுந்தது. நான் தூக்கவில்லை, அதுவாக எழுந்தது. கண்ணாடியில் அவன் அதைப் பார்த்துவிட்டான். சரி என்று தலையசைத்து, கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எண்ண ஆரம்பித்தான். சீலா. வாளை. நெத்திலிக்கு உதடு மட்டும்தான் அசைந்தது.

விரலை மடக்கி மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"போதும், மக்கா. நல்லாருக்கு."

அவன் கண்ணாடியில் என்னையே பார்த்தான். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

"பொய் சொல்லாதல" என்றான், மூச்சால்.

"பொய் இல்ல. முடிஞ்சிட்டு. வீட்டுக்குப் போயி ஜெசிந்தாட்டச் சொல்லு, நாளைக்கே கெளம்புங்க."

"கடைசி வரி..."

"முடிஞ்சிட்டுன்னு சொல்லுதேம்லா."

கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே போய், காற்றில் சட்டை படபடக்க, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். தோள் குலுங்கியது. நான் ஃபைலைச் சேமித்தேன். இரண்டு இடத்தில் சேமித்தேன். பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன், அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 5

மாதா தேர் கடைக்கு முன்னால் போயிற்று. அவர்கள் நேற்றே மதுரைக்குப் போய்விட்டார்கள். வருடா வருடம் தேரன்று அவன் என் கடை வாசலில் நின்றுதான் பார்ப்பான்.

ஆகஸ்ட் 8

மதுரை. ஆப்பரேஷன் மதியத்துக்கு மேல்தான் முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார் என்றார். ஜெசிந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது, இனிக் கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான் மூச்சு என்றார்.

"முதல்ல நாள் குடுத்தப்பவே வந்திருந்தா ஒரு பக்கத்தை விட்டு வச்சிருக்கலாம். கரகரன்னாலும் பேச்சு இருந்திருக்கும். சரி, இப்ப அதப் பேசி என்ன?"

ஜெசிந்தா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

காப்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். வாங்காமலே பஸ் ஸ்டாண்டுவரை நடந்துவிட்டு, பிறகு நினைவு வந்து திரும்பிப் போய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 12

தூத்துக்குடி. எட்டுப் பாட்டையும் சேர்த்து மிக்ஸ் பண்ணுகிறேன். இறக்கி வாசித்த கிடார்களுக்கு அவன் குரல் பொருந்தாது, எல்லாவற்றையும் அழித்தேன். ஜூனுக்கு முன் எடுத்ததை எடுத்துப் போட்டேன்.

மூன்றாவது பாட்டில் அந்த இரைச்சலைத் தேடினேன். சத்தத்தை முழுக்க ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டேன். இல்லை. எங்குமே இல்லை.

முதல் பாட்டுக்கு அவனுடைய முதல் டேக். எட்டாவது தவிர மற்றவற்றுக்கும் முதல் டேக். எட்டாவது பாட்டின் கடைசி வரியில் ஒன்றும் செய்யவில்லை. 'ஞான', அப்புறம் காற்று.

ஆகஸ்ட் 19

மதுரை. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டான். கழுத்தில் துளை, அதன்மேல் வலைத்துணி. ஜெசிந்தா சின்னப் பிள்ளைகளின் சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அதில் எழுதிக் காட்டினான்: 'கல்யாண கேசட் குடுத்தாச்சா?'

கொடுத்துவிட்டேன் என்றேன். ஆச்சரியப்பட்டது போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். "இரைச்சலே இல்லல" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையசைத்தான். ஜூனிலேயே சொன்னவன்தானே.

ஹெட்போனை அவன் காதில் மாட்டி, முதல் பாட்டைப் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டான். போர்வையின் மேல் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கே போகிறது பாட்டு என்பதை அந்த விரலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இரண்டு, இரண்டு, மூன்று வரும்போது உதடு லேசாக அசைந்தது. ஜெசிந்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். இடையில் நர்ஸ் வந்து ஊசி போட்டாள், அவன் கையைக் கொடுத்தானே தவிரக் கண்ணைத் திறக்கவில்லை. வெயில் கட்டிலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

கடைசிப் பாட்டில் விரல் நின்றது. கடைசி வரி வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவன் தொண்டைத் துளையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. அவ்வளவுதான். லேப்டாப்பில் கோடு முடிந்தது.

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. வலது கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து, ஆள்காட்டி விரலைத் தூக்கி, என்னைப் பார்த்து ஒரு வட்டம் போட்டான்.

"என்ன வேணுமாம் அவுகளுக்கு?" என்று ஜெசிந்தா கேட்டாள். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இன்னொரு தடவ" என்றேன்.

மறுபடி முதல் பாட்டிலிருந்து போட்டேன்.